‘பெற்றோர்’ என்ற சொல்லுக்குள் இருப்பவள்

அமெரிக்காவில் ஏழைக் குழந்தைகள் அதிகம் படிக்கும் ஓர் அரசுப் பள்ளி, கூட்டாட்சி அரசு தரும் பணத்தைப் பள்ளி முழுமைக்கும் செலவிட விரும்பினால் முதலில் ஒரு திட்டம் எழுதியாக வேண்டும். ‘டைட்டில் ஒன்’ என்று எல்லோராலும் சொல்லப்படும் சட்டப் பகுதி அப்படித்தான் விதிக்கிறது. மாணவர்களில் குறைந்தது 40 சதவீதம் பேர் வறிய குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் என்றால், இன்ன குழந்தைக்கு இவ்வளவு என்று பணத்தைப் பிரித்து வைக்காமல், பள்ளி முழுவதையும் மேம்படுத்தும் வேலையில் போடலாம். அதற்குப் பொதுவாக ஓராண்டு எடுத்துக்கொண்டு, பள்ளியின் தேவைகளை முழுமையாக மதிப்பிட்டு, தலைமையாசிரியர், ஆசிரியர்கள், பெற்றோர், ஊர் மக்கள் எல்லோரையும் சேர்த்துத் திட்டம் தயாரிக்க வேண்டும். அது பொதுமக்கள் பார்வைக்குக் கிடைக்க வேண்டும். பெற்றோருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். தொடர்ந்து சரிபார்த்துத் திருத்தவும் வேண்டும்.

இந்த ஏற்பாட்டின் அடிப்படை எண்ணத்தோடு எனக்குச் சண்டை இல்லை. முன்பெல்லாம் ‘உதவிக்குத் தகுதியான’ குழந்தைகளை மட்டும் வகுப்பிலிருந்து எழுப்பித் தனி அறைக்கு அழைத்துப்போய்ப் பாடம் சொல்லித்தரும் வழக்கம் இருந்தது. அந்தக் குழந்தை தன் வகுப்பில் நடந்த பாடத்தையும் இழந்தது, மற்றவர்கள் முன்னால் முத்திரையும் குத்தப்பட்டது. கிட்டத்தட்ட எல்லோருமே ஏழைகளாக இருக்கும் பள்ளியில் யாரைப் பிரித்து எழுப்புவது? பள்ளியையே சரிசெய்வதுதான் அறிவுக்கு ஒத்தது. 1978இல் இதற்கு முதன்முதலாக வழி திறந்தபோது, 75 சதவீதம் ஏழைக் குழந்தைகள் இருந்தால்தான் அனுமதி. உள்ளூர் நிர்வாகமும் தன் பங்குக்குப் பணம் போட வேண்டும். 1988இல் அந்த நிபந்தனை போனது. 1994இல் 50 சதவீதம், 2001இல் 40 சதவீதம் என்று வாசல் அகன்றது.

எனக்குச் சண்டை, இந்தத் திட்டங்கள் எழுதப்படும் மொழியோடு. கதையையும் கவிதையையும் பெண்ணிய நோக்கில் வாசிக்கப் பழகிய நாம், அரசு ஆவணங்களை மட்டும் ஏதோ தகவல் என்று நினைத்துக் கடந்துவிடுகிறோம். அவையும் பிரதிகள்தான். யார் எழுவாய், யார் செயப்படுபொருள், எந்த வினை கட்டளை, எந்த வினை சலுகை என்று அவற்றையும் கேட்கலாம். கேட்டுப் பார்த்தால் இந்தத் திட்டங்களின் நடுவே ‘பெற்றோர்’ என்ற ஒரு சொல் பெரும் பாரத்தைச் சுமந்துகொண்டு நிற்பது தெரியும்.

பாலற்ற சொல் அது. தாயும் தந்தையும் சமமாகப் பொறுப்பேற்பவர்கள் என்ற தோற்றம் தரும் கண்ணியமான சொல். ஆனால் அந்தச் சொல்லோடு சேரும் வினைகளைக் கவனியுங்கள். பள்ளிக்கும் பெற்றோருக்கும் இடையே எழுத்தில் ஓர் உடன்படிக்கை இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. 2001ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்த உடன்படிக்கையில் பெற்றோரின் பொறுப்புகளுக்கு எடுத்துக்காட்டுகளே தரப்பட்டிருந்தன: பிள்ளை ஒழுங்காகப் பள்ளிக்குப் போகிறதா என்று பார்ப்பது, வீட்டுப்பாடம் முடித்ததா என்று பார்ப்பது, எவ்வளவு நேரம் தொலைக்காட்சி பார்க்கிறது என்று கண்காணிப்பது, வகுப்பறைக்கு வந்து சம்பளமில்லாமல் ஒத்தாசை செய்வது. இந்த நான்கையும் ஒரு வீட்டில் யார் செய்வார் என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வீட்டுப்பாடமும் தொலைக்காட்சியும் உதிர்ந்துவிட்டன. வகுப்பறை ஒத்தாசை மட்டும் நிலைத்துவிட்டது.

அதே பட்டியலின் கடைசியில் இன்னொன்றும் இருக்கிறது: பிள்ளைகளின் கல்வி பற்றிய முடிவுகளில் பங்கேற்பது. அதற்கு மட்டும் ஓர் அடைமொழி ஒட்டியிருக்கிறது, ‘பொருத்தமான அளவில்’. தொலைக்காட்சியைப் பொருத்தமான அளவில் கண்காணியுங்கள் என்று எழுதவில்லை. வகுப்பறைக்குப் பொருத்தமான அளவில் வந்து உதவுங்கள் என்றும் எழுதவில்லை. உழைப்புக்கு அளவு சொல்லாத சட்டம் முடிவெடுப்பதற்கு மட்டும் அளவு வைத்திருக்கிறது. அந்தப் பொருத்தத்தை அளப்பவர் யார் என்பதும் அதில் இல்லை.

இன்னொரு வரி. பெற்றோர் கூட்டங்களைக் காலையிலோ மாலையிலோ அவர்கள் வசதிக்கு ஏற்ப வைக்க ‘வேண்டும்’. அந்தக் கூட்டத்துக்கு வர வண்டி ஏற்பாடு, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள், வீட்டுக்கே போய்ச் சந்திப்பது, இவற்றுக்கு இந்தப் பணத்திலிருந்து செலவு செய்ய‘லாம்’. கூட்டம் கட்டாயம், குழந்தைப் பராமரிப்பு விருப்பம். இரவு நேரப் பணிக்குப் போகும் ஒரு பெண், கைக்குழந்தையோடு இரண்டு பேருந்து மாறி வரவேண்டிய ஒரு பெண், அந்தத் திட்டக் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பாளா மாட்டாளா என்பதை இந்த ‘வேண்டும்’, ‘லாம்’ வித்தியாசம் தீர்மானித்துவிடுகிறது. பணத்தின் அளவையும் பார்த்துவிடுவோம். ஆண்டுக்கு 5 லட்சம் டாலருக்கு மேல் பெறும் கல்வி மாவட்டம் அதில் குறைந்தது ஒரு சதவீதத்தைப் பெற்றோர் ஈடுபாட்டுக்கு ஒதுக்க வேண்டும். பத்து லட்சம் டாலர் வந்தால் பத்தாயிரம் டாலர். அதையும் பல பள்ளிகளுக்குப் பங்கிட வேண்டும். திட்டத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் வந்துபோகும் ஒரு பாத்திரத்துக்குச் செலவுக் கணக்கில் கிடைக்கும் இடம் இவ்வளவுதான்.

இதை ஏதோ தொலைதேசத்துச் சங்கதி என்று தள்ளிவிட முடியாது. நம்முடைய கல்வி உரிமைச் சட்டம், 2009, ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் மேலாண்மைக் குழு வேண்டும் என்கிறது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தை எழுத வேண்டியதும் அந்தக் குழுதான். காகிதத்தில் பார்த்தால் அமெரிக்கச் சட்டத்தைவிட நமது சட்டம் பெண்களுக்குக் கூடுதல் இடம் தருகிறது. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் 2010இல் மத்திய அரசு வெளியிட்ட மாதிரி விதிகள் அந்தத் திட்டத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்று கேட்கின்றன? மூன்றாண்டுக்கு வகுப்புவாரியாக மாணவர் எண்ணிக்கை, தேவைப்படும் ஆசிரியர்கள், கட்டடமும் தளவாடமும், ஆண்டுவாரியாகக் கூடுதல் நிதி. எல்லாம் தேவையானவைதான். குழுவில் உட்காரும் பெண்ணின் நேரத்துக்கு மட்டும் அங்கேயும் வரி இல்லை. மாதம் ஒருமுறை வெள்ளிக்கிழமை பிற்பகலில் கூட்டம் என்றால், அன்றைக்கு நடவுக்கோ சித்தாள் வேலைக்கோ போகாமல் அவள் விட்ட கூலி யார் கணக்கில் சேரும்? தமிழகத்தில் 2022இல் இந்தக் குழுக்களைப் பெரிய அளவில் மறுகட்டமைத்தபோது பெண்கள் திரளாக வந்தது உண்மை. வந்தவர்களின் கையில் இருந்தது திட்டமா, கையெழுத்துப் போட வேண்டிய காகிதமா என்பதை அந்தந்தப் பள்ளியில்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

தாயின் உழைப்பைப் பள்ளி எப்படி உண்கிறது என்பதைத் தெளிவாகக் காட்டியவர்கள் கனடாவின் சமூகவியலாளர்கள் ஆலிசன் கிரிஃபித், டோரதி ஸ்மித் இருவரும். தனித்து வாழும் தாய்மார்களாக இருந்தபோது பள்ளிகளோடு தங்களுக்கு ஏற்பட்ட அனுபவத்திலிருந்து தொடங்கி, 2005இல் ‘பள்ளிக்கல்விக்காகத் தாய்மை’ என்று பொருள்படும் தலைப்பில் நூலாக்கினார்கள். அவர்கள் சொல்வதன் சாரம் இதுதான்: நடுத்தர வர்க்கப் பகுதிப் பள்ளி நன்றாக நடப்பதற்குப் பின்னால், பகல் முழுக்கப் பிள்ளைக்கென்றே நேரம் ஒதுக்கக்கூடிய தாய்மார்களின் கணக்கில் வராத உழைப்பு இருக்கிறது. அந்த உழைப்பு கிடைக்காத ஏழைப் பகுதிப் பள்ளியில் அதே வேலை ஆசிரியையின் தலையில் விழுகிறது. அந்த ஆசிரியையும் பெரும்பாலும் பெண்தான்; அமெரிக்க அரசுப் பள்ளி ஆசிரியர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெண்கள். ஆக, ஏழைப் பள்ளிக்கும் பணக்காரப் பள்ளிக்கும் இடையே உள்ள இடைவெளியில் ஒரு பகுதி, ஊதியமில்லாத பெண் உழைப்பின் இடைவெளி. இதை ஒத்துக்கொள்ளும் திட்டம் ‘இந்த உழைப்புக்கு ஆள் வைப்போம், சம்பளம் கொடுப்போம்’ என்று எழுதும். ஒத்துக்கொள்ளாத திட்டம் ‘பெற்றோர் ஈடுபாட்டை அதிகரிப்போம்’ என்று எழுதும்.

சம்பளம் கொடுத்த ஒரு காலம் இருந்தது. அதைச் சொல்வதற்கு முன் சட்டத்தின் பிறப்பைச் சொல்ல வேண்டும். 1965 ஏப்ரல் 11 அன்று குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன், டெக்சாஸில் தான் சிறுவயதில் படித்த ஓரறைப் பள்ளிக்கு வெளியே மேசை போட்டு இந்தச் சட்டத்தில் கையெழுத்திட்டார். பக்கத்தில் அவருடைய முதல் ஆசிரியை கேட் டெட்ரிக் லோனி உட்கார்ந்திருந்தார். அழகான படம் அது. பெண் எந்த இடத்தில் அமர்த்தப்படுவாள் என்பதையும் அந்தப் படம் சொல்லிவிடுகிறது.

நான்கு ஆண்டுகள் கழித்து, அந்தப் பணம் எங்கே போகிறது என்று தோண்டிப் பார்த்தவர்களும் இரண்டு பெண்கள். ரூபி மார்ட்டின், கறுப்பின வழக்கறிஞர். மத்திய அரசின் குடியுரிமைகள் அலுவலகத்துக்குத் தலைமை வகித்தவர். ஃபிலிஸ் மெக்ளூர், கறுப்பின மக்களின் சட்டப் பாதுகாப்பு நிதியத்தில் பணியாற்றியவர். இந்தச் சட்டம் ஏழைக் குழந்தைகளுக்கு உதவுகிறதா என்ற கேள்வியையே தலைப்பாக வைத்து 1969இல் அவர்கள் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். ஏழைக் குழந்தைகளுக்கான பணம் மாவட்டத்தின் பொதுச் செலவுக்குப் போனதையும், மாநில நிதியால் ஏற்கெனவே செய்திருக்க வேண்டிய வேலைகளுக்குத் திருப்பிவிடப்பட்டதையும், நீச்சல் குளங்கள் வாங்கப்பட்டதையும் ஊர் ஊராக எடுத்துக் காட்டினார்கள். அடுத்த ஆண்டே சட்டம் இறுகியது: இந்தப் பணம் கூடுதலாக வர வேண்டும், இருக்கும் பணத்துக்குப் பதிலாக வரக்கூடாது. இன்றுவரை அந்தச் சட்டத்தின் முதுகெலும்பு இந்த விதிதான். கல்வியியல் மாணவிகள் விதியைப் படிக்கிறார்கள், இரண்டு பெயர்களைப் படிப்பதில்லை.

அதே 1969இல் நல உதவி பெறும் தாய்மார்களின் தேசிய இயக்கம் இதே பணத்திலிருந்து தங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்குப் போட்டுப்போக உடை கேட்டது. கிழிந்த செருப்போடு பனியில் பிள்ளை பள்ளிக்குப் போகாது என்பது அவர்களுடைய தேவை மதிப்பீடு. இன்றைக்கு அதே சொல்லைத் தேர்வு மதிப்பெண் வரைபடங்களுக்கு வைத்திருக்கிறார்கள். எது மதிப்பீடு, எது நச்சரிப்பு என்பது கேட்பவர் யார் என்பதைப் பொறுத்தது போலும்.

இப்படிப்பட்ட அழுத்தங்களின் விளைவாக 1974இல் ஒவ்வொரு டைட்டில் ஒன் பள்ளிக்கும் பெற்றோர் ஆலோசனைக் குழு கட்டாயமாயிற்று. பெரும்பான்மை பெற்றோர், அவர்களைத் தேர்ந்தெடுப்பவர்களும் பெற்றோர். பலவீனமான குழுக்கள்தான், ஆலோசனை சொல்லலாம், அவ்வளவே. இருந்தும் 1981இல் ரீகன் அரசு நிர்வாகச் சுமையைக் குறைக்கிறோம் என்று அந்தக் கட்டாயத்தையே எடுத்துவிட்டது. இன்றைய முழுப்பள்ளித் திட்டத்தில் வரும் ‘பெற்றோர் பங்கேற்பு’, இந்த நீக்கத்துக்குப் பின் மிஞ்சியது. தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் அழைக்கப்பட்ட விருந்தாளியானாள்.

இனி சம்பளத்தின் கதை. அறுபதுகளின் இறுதியில் வறுமை ஒழிப்பு நிதியையும் டைட்டில் ஒன் நிதியையும் கொண்டு ஏழைப் பகுதிப் பள்ளிகள் அந்தத் தெருவிலேயே வாழும் பெண்களை வகுப்பறை உதவியாளர்களாக வேலைக்கு எடுத்தன. நியூயார்க் நகரத்தில் அவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பினப் பெண்களும் லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பெண்களும். பலருடைய பிள்ளைகள் அதே பள்ளியில் படித்தார்கள். கூலி சொற்பம். வெல்மா ஹில் என்ற கறுப்பினச் செயற்பாட்டாளர் அவர்களை ஆசிரியர் சங்கத்தில் திரட்டினார். 1970இல் ஒப்பந்தம் கிடைத்தது: கூடுதல் சம்பளம், சலுகைகள், எல்லாவற்றுக்கும் மேலாக, வேலை பார்த்துக்கொண்டே நகரக் கல்லூரியில் படித்து ஆசிரியையாகும் வாய்ப்பு. தாயின் உழைப்பையும் அறிவையும் வேலை என்று பெயரிட்டு, அதற்கு விலை வைத்து, அதிலிருந்து மேலே ஏறப் படியும் கட்டிக் கொடுத்த திட்டம் அது. என்னைக் கேட்டால், வறிய பள்ளிகளுக்காக அங்கே எழுதப்பட்டவற்றில் இதைவிடப் பெண்ணியமான வரி வேறில்லை. அதை எழுதியவர்கள் கல்வித் திட்ட வல்லுநர்கள் அல்லர், ஒரு தொழிற்சங்க ஒப்பந்தத்தின் இரு தரப்பினர் என்பதையும் கவனிக்க வேண்டும்.

2001ஆம் ஆண்டுச் சட்டம் இந்தப் பெண்களை வேறு கண்ணால் பார்த்தது. டைட்டில் ஒன் நிதியில் பாடம் சார்ந்த உதவி செய்யும் உதவியாளர் இரண்டாண்டுக் கல்லூரிப் படிப்பு முடித்திருக்க வேண்டும், அல்லது ஒரு தேர்வில் தேற வேண்டும். தரத்தை உயர்த்துவது நல்ல நோக்கம், ஏழைக் குழந்தைக்கும் தகுதியுள்ளவர்தான் சொல்லித்தர வேண்டும் என்பதில் நியாயம் உண்டு. ஆனால் படிக்க வழி செய்து கொடுப்பது ஒன்று, படித்துவிட்டு வா என்பது இன்னொன்று. தெருவிலிருந்து பள்ளிக்குள் வந்த பெண்ணுக்கு ஊதியத்தோடு இருந்த வாசல் இவ்வாறு குறுகிய அதே சட்டத்தில்தான், ஊதியமில்லாமல் வகுப்பறைக்கு வந்து உதவுங்கள் என்ற உடன்படிக்கை வரியும் இருக்கிறது.

இவ்வளவும் பெண்ணைத் திட்டத்தின் ஓரத்தில் வைத்த கதை. திட்டத்தையே அவள் கையில் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு சிகாகோவைப் பார்க்க வேண்டும்.

சிகாகோவில் 1988இல் இயற்றப்பட்ட மாநிலச் சட்டம், அமெரிக்காவில் வேறெங்கும் அந்த அளவில் இல்லாத ஓர் அதிகாரத்தைப் பெற்றோருக்குத் தந்தது. ஒவ்வொரு பள்ளிக்கும் 11 பேர் கொண்ட உள்ளூர்க் குழு: ஆறு பெற்றோர், ஊரார் இருவர், ஆசிரியர் இருவர், தலைமையாசிரியர். தலைமையாசிரியரைத் தேர்ந்தெடுப்பது, பள்ளி மேம்பாட்டுத் திட்டத்துக்கு ஒப்புதல் தருவது, குறிப்பிட்ட நிதியைச் செலவிட முடிவெடுப்பது எல்லாம் இந்தக் குழுவின் கையில். முதல் தேர்தல் 1989 அக்டோபரில் நடந்தது. 1995இல் மேயரின் கைக்குப் பள்ளி நிர்வாகம் போன பிறகு குழுக்களின் பிடி தளர்ந்தது, ஆனால் குழுக்கள் நீடித்தன.

2010 செப்டம்பரில், மெக்சிகோ வம்சாவளியினர் நிறைந்த பில்சன் பகுதியில், விட்டியர் தொடக்கப் பள்ளியின் தாய்மார்கள் பள்ளி வளாகத்தில் இருந்த ஒரு சிறு கட்டடத்துக்குள் போய் உட்கார்ந்தார்கள். அதை இடிக்க நிர்வாகம் முடிவு செய்திருந்தது. இவர்கள் கேட்டது நூலகம். பள்ளியில் நூலகமே கிடையாது. ‘சின்ன வீடு’ என்று பொருள்படும் ‘லா கசீதா’ என்ற செல்லப் பெயர் கொண்ட அந்தக் கட்டடத்தில் 43 நாட்கள் தங்கி, நன்கொடையாக வந்த புத்தகங்களை அடுக்கி, நூலகத்தை அவர்களே நடத்தத் தொடங்கிவிட்டார்கள். தேவையை மதிப்பிட்டாயிற்று, தீர்வை முன்வைத்தாயிற்று, செயல்படுத்தியும் காட்டியாயிற்று. வழிகாட்டி நூல்கள் சொல்லும் திட்டமிடலின் எல்லாக் கட்டங்களும் அங்கே இருந்தன. நிர்வாகத்தின் மொழியில் அதற்குப் பெயர் ஆக்கிரமிப்பு. பேச்சுவார்த்தை, வாக்குறுதி, இழுபறி எல்லாம் நடந்து முடிந்து, 2013 ஆகஸ்டில் கட்டடம் இடிக்கப்பட்டது.

அதே 2013 மேயில் சிகாகோ கல்வி வாரியம் ஒரே அமர்வில் சுமார் 50 பள்ளிகளை மூட வாக்களித்தது. பாதிக்கப்பட்ட குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். காரணம், ‘பள்ளி முழுதாகப் பயன்படவில்லை’. ஒரு வகுப்பறைக்கு 30 பேர் என்று வைத்துக் கணக்குப் போட்டார்கள். சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளுக்கான சிறிய வகுப்புகளும், 18, 20 பேரோடு நிம்மதியாக நடந்த வகுப்பும் அந்தக் கணக்கில் பாதி காலியாகத் தெரிந்தன. ஏழைக் குழந்தையின் வகுப்பில் இடம் தாராளமாக இருந்தால் அது வீண். பணக்காரப் பள்ளி விளம்பரத்தில் அதுவே சிறப்பம்சம். மூடப்பட்ட ஒவ்வொரு பள்ளியோடும் அதன் உள்ளூர்க் குழுவும், அந்தக் குழு ஒப்புதல் தந்த மேம்பாட்டுத் திட்டமும் சேர்ந்து மறைந்தன.

மேலே பெண் இருந்தால் கீழே மாறும் என்று எண்ணுபவர்கள் ஒரு செய்தியைக் கவனிக்கலாம். அப்போது சிகாகோ பள்ளிகளின் தலைமை நிர்வாகி பார்பரா பர்ட்-பென்னட், ஒரு கறுப்பினப் பெண். தலைமையாசிரியர்களுக்குப் பயிற்சி தருவதற்காக 2 கோடி டாலருக்கும் மேற்பட்ட ஒப்பந்தத்தைப் போட்டியின்றி ஒரு தனியார் நிறுவனத்துக்குக் கொடுத்த விவகாரத்தில் கையூட்டுப் பேரம் பேசியதாக 2015இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். எதிர்ப்பக்கம் நின்று பள்ளி மூடல்களை எதிர்த்த ஆசிரியர் சங்கத் தலைவர் கேரன் லூயிஸும் கறுப்பினப் பெண்தான். 2012 தொடக்கத்தில், அந்த ஆண்டின் வேலைநிறுத்தத்துக்குச் சில மாதங்கள் முன்பே, சங்கம் ஓர் ஆவணம் வெளியிட்டது: சிறிய வகுப்புகள், நூலகர், செவிலியர், சமூகப் பணியாளர், இசை, ஓவியம். அதுவும் ஒரு பள்ளி மேம்பாட்டுத் திட்டம்தான், நகரம் முழுமைக்கும் எழுதப்பட்டது.

கடைசியாக டையட் உயர்நிலைப் பள்ளி. சிகாகோவின் பிரான்ஸ்வில் பகுதியில், புகழ்பெற்ற இசை ஆசிரியர் வால்டர் டையட்டின் பெயரால் நடந்த பள்ளி. கறுப்பினத்தவரின் வரலாற்று மையமான அந்தப் பகுதியைச் சுற்றியுள்ளவர்கள், எந்தத் தேர்வும் தகுதிச்சுற்றும் இல்லாமல் பிள்ளையைச் சேர்க்கக்கூடிய பொது உயர்நிலைப் பள்ளி. 2012இல் அதைப் படிப்படியாக மூட வாரியம் முடிவு செய்தது. ஆண்டுதோறும் ஒரு வகுப்பு குறைந்து, 2015 ஜூனில் கடைசியாகத் தேறி வெளியேறியவர்கள் 13 பேர். இதற்கிடையில் பெற்றோர், பாட்டிகள், ஆசிரியர்கள், ஊர் அமைப்புகள் சேர்ந்த கூட்டணி ஒன்று பல்கலைக்கழக ஆய்வாளர்களின் துணையோடு பள்ளிக்கு ஒரு முழுத் திட்டம் எழுதியிருந்தது. உலகளாவிய தலைமைப் பண்பு, பசுமைத் தொழில்நுட்பம் இரண்டையும் மையமாக வைத்த பாடத்திட்டம், ஆசிரியர் பயிற்சி, சுற்றியுள்ள தொடக்கப் பள்ளிகளோடு இணைப்பு எல்லாம் அதில் உண்டு. பள்ளியை மீண்டும் திறப்பதானால் முன்மொழிவுகள் அனுப்பலாம் என்று நிர்வாகம் அறிவித்தபோது அதையும் அனுப்பினார்கள். முடிவு தள்ளிக்கொண்டே போனது.

2015 ஆகஸ்ட் 17 அன்று அந்தக் கூட்டணியைச் சேர்ந்த 12 பேர் உண்ணாவிரதம் தொடங்கினார்கள். முன்னணியில் இருந்த ஜீட்டு பிரவுன் ஆண். பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருந்த பெண்கள் உட்படப் பலர் பெண்கள். இந்தப் போராட்டத்தைப் பற்றி, மூடப்பட்ட பள்ளிகளில் ஒன்றில் ஆசிரியையாக இருந்த ஈவ் யூயிங் 2018இல் எழுதிய நூல் விரிவாகப் பேசுகிறது. பள்ளி என்பது கட்டடமோ மதிப்பெண்ணோ மட்டும் அல்லாமல், அங்கே படித்த தலைமுறைகளின் உறவாகவும் இருப்பதால்தான் அதை மூடுவது சாவு வீடு போன்ற துக்கமாகிறது என்பது அவருடைய வாசிப்பு. எனக்கு அதோடு இன்னொன்றும் தோன்றுகிறது. பட்டினி கிடந்தவர்கள் பள்ளி ‘வேண்டும்’ என்று மட்டும் கேட்கவில்லை. எழுதி முடித்த திட்டத்தைப் படியுங்கள் என்று கேட்டார்கள். பெற்றோர் பங்கேற்பு குறைவு என்று ஆண்டுதோறும் அறிக்கை எழுதும் ஓர் அமைப்பின் வாசலில், ஏட்டில் உள்ள முறைப்படி தயாரித்த ஆவணத்தோடு பெண்கள் பட்டினி கிடந்தார்கள்.

செப்டம்பர் 3 அன்று நிர்வாகம் அறிவித்தது: பள்ளி திறக்கப்படும், ஆனால் கலைகளை மையமாகக் கொண்ட பள்ளியாக. வந்த முன்மொழிவுகளில் எதையும் அப்படியே ஏற்கவில்லை. அறிவிப்பு வெளியான செய்தியாளர் கூட்டத்துக்குள் உண்ணாவிரதம் இருந்தவர்கள் விடப்படவில்லை. அதன்பின்னும் அவர்கள் இரண்டு வாரங்கள் பட்டினியைத் தொடர்ந்து, 34 நாட்கள் ஆன பிறகு முடித்துக்கொண்டார்கள். டையட் கலை உயர்நிலைப் பள்ளி 2016 செப்டம்பரில் திறந்தது. அவர்கள் எழுதிய பாடத்திட்டமோ வைத்த பெயரோ அதில் இல்லை. அந்தப் பகுதிப் பிள்ளைகள் நுழைவுத்தேர்வு இல்லாமல் சேரலாம் என்ற அவர்களுடைய முதல் கோரிக்கை இருக்கிறது.